சிஹாப் மாஸ்டர் தேர்தலில் நின்ற கதை

சிவப்பு விளக்கு விழுவதற்கு முன்பே சிஹாப் மாஸ்டரின் கால் அமுங்கிவிடும். பழக்குகிற காரில் அவர் இருக்கும் இடதுபக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே அமுங்கினால் அது தொழில். ஆனால் அந்தக் கால் பேருந்திலும் அமுங்கும், மகளின் காரில் பின்னால் இருந்தாலும் அமுங்கும், தொலைக்காட்சியில் யாராவது வேகமாகக் கார் ஓட்டினால் வீட்டுக் கம்பளத்திலும் அமுங்கும். "அந்தக் காலுக்கு ஒருநாள் லீவு குடுங்கோவன்" என்று மனைவி சபூரா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

முழுப்பெயர் சிஹாப்தீன். மெல்பேர்னின் டண்டினொங்கில் தமிழ் பேசும் வீடுகளில் பாதிக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் என்பதால் மாஸ்டர். கூரையில் மஞ்சள் பலகை வைத்த வெள்ளைக் கார். டாஷ்போட் லாச்சிக்குள் எப்போதும் பெப்பர்மின்ட் இருக்கும். பரீட்சைக்கு முன் ஒன்று தருவார், முடிந்ததும் ஒன்று தருவார். பாஸோ ஃபெயிலோ, இரண்டாவது நிச்சயம். ஃபெயில் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "இண்டைக்குச் சரிவரேல்ல" என்பார், ஏதோ வானிலைதான் பிழைத்துவிட்டது என்கிற மாதிரி. ஸ்டட் ரோட்டில் பின்னால் வருகிற லொறிக்காரன் ஹோர்ன் அடித்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பெண்ணுக்குக் கண் கலங்கினாலும், பெப்பர்மின்டை வாய்க்குள் புரட்டிக்கொண்டு, "அவசரமில்லைப் பிள்ளை. ரோட்டு எங்கயும் ஓடிப்போகாது" என்பார்.

பிறந்தது யாழ்ப்பாணத்தில், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெருவில். தொண்ணூறாம் ஆண்டு தமிழ்ப் போராளிகள் முஸ்லிம்களை வடக்கைவிட்டு வெளியேறச் சொன்னபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, புத்தளத்தில் சில வருடம் கிடந்து, பிறகு மெல்பேர்ன் வந்து சேர்ந்தார். அதைப்பற்றி அவர் பேசமாட்டார். அவரிடம் பழகிய யாழ்ப்பாணத்து இந்துக்களும் பேசமாட்டார்கள். காருக்குள் பேச வேறு விஷயம் நிறைய இருந்தது: ரவுண்டபவுட், வீட்டு விலை, மாமியார். பள்ளிவாசலில் அவரைத் தமிழாக்களோடு திரிகிற மனுசன் என்பார்கள். தமிழ்ச் சங்கத்தில் நல்ல மனுசன், சோனக ஆள் என்பார்கள். இரண்டு இடத்திலும் அவருக்குக் கதிரை கிடைக்கும். முன்வரிசையில் மட்டும் கிடைக்காது.

தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்த இந்த மனிதரைக் கொண்டுபோய் 2008 நகரசபைத் தேர்தலில் நிறுத்தியவர் இரத்தினசிங்கம். ஓய்வுபெற்ற கணக்காளர், தமிழ் முதியோர் சங்கத்தின் தலைவர், பேச ஆரம்பித்தால் மற்றவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்கிறவர். "எங்கட ஆக்கள் இத்தினை பேர் இருக்கிறம், சபையில ஒருத்தர் இல்லை. உங்களைத் தெரியாத வீடு இருக்கோ மாஸ்டர்? நீங்கள் சும்மா நில்லுங்கோ. வோட்டு தன்ரபாட்டில விழும்" என்றார். இரத்தினசிங்கம் ரோவிலில் மாடிவீடு கட்டிக்கொண்டு போய் நெடுநாளாயிற்று. அது வேறு நகரசபை. இந்தத் தேர்தலில் அவருக்கே வாக்கு இல்லை. இது மாஸ்டருக்குப் பிந்தித்தான் உறைத்தது.

'எங்கட ஆக்கள்' என்ற சொல்லில்தான் மாஸ்டர் விழுந்தார். அந்தச் சொல்லுக்குள் தன்னையும் சேர்த்து ஒரு யாழ்ப்பாணத்தார் சொல்லக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. வீட்டுக்கு வந்து, "சும்மா ஒருக்காக் கேட்டுப் பாத்தவை" என்று சபூராவிடம் சொன்னார்.

"நீங்க ஓம் எண்டிட்டியள்" என்றார் சபூரா. அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

வேட்பாளர் என்றானதும் முதலில் முகம் கெட்டது. எல்லா வீட்டுக்கும் தபாலில் போகிற சிறுபுத்தகத்தில் போட்டியிடுகிறவர்களின் படம் வரும். சம்பந்தியிடம் இரவல் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புற வேலியோரம் நின்றார். படம் எடுத்த மகள் ரைஹானா, "டாட், ஸ்மைல் வித் யுவர் ஐஸ்" என்றாள். கண்ணால் எப்படிச் சிரிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அச்சில் வந்தபோது ஓட்டப் பரீட்சையில் சரிவராத ஆளைப் போலவே இருந்தார். ஆனாலும் அந்தப் புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். தனியே இருக்கும்போது எடுத்துப் பார்ப்பார். அந்த வயதில் தன் முகத்தில் தனக்கே ஆசை வந்துவிட்டதை நினைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது, கூச்சப்பட்டுக்கொண்டே பார்த்தார்.

அடுத்து கை கெட்டது. தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்டத் தொடங்கினார். சந்தையில், பெட்ரோல் நிலையத்தில், சிவப்பு விளக்கில் பக்கத்துக் காருக்கு. "டாட், ஸ்டொப் வேவிங். ஹீ டஸன்ட் ஈவன் லிவ் ஹியர்" என்று ரைஹானா இருக்கைக்குள் சரிந்து உட்காருவாள்.

கடைசியில் தொழிலும் கெட்டது. அதுதான் அவருக்கு உள்ளே தைத்தது. பழகுகிறவர்கள் எல்லோரும் வாக்காளர்கள். வாக்காளரை எப்படிக் கண்டிப்பது? சந்திரகலா என்ற தாதி ஒருத்தி, நிற்கவேண்டிய பலகையில் நிற்காமல் சந்தியைக் கடந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் காரை ஓரங்கட்டச் சொல்லி, பலகையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி, அந்தச் சந்தியில் நடந்த விபத்து ஒன்றையும் சொல்லித்தான் விடுவார். அன்றைக்கு, "பரவாயில்லைப் பிள்ளை, நல்லாத்தான் ஓடுறியள்" என்றார். அவள் வீட்டில் மூன்று வாக்கு. அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

வீடு வீடாகப் போனார். பல வீடுகளில் அவரைக் கண்டதும், "சனிக்கிழமை எண்டெல்லோ சொன்னனாங்கள்?" என்று பிள்ளைகளின் ஓட்டப் பாடத்தைத்தான் நினைத்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு துண்டுப்பிரசுரத்தை நீட்டுவார். "ஓ, நீங்களும் நிக்கிறியளோ? உங்களுக்கில்லாமல் வேற ஆருக்கு!" என்பார்கள். கதவைச் சாத்துவதற்கும் நம்மவர்கள் 'ஓம்' என்றுதான் சொல்வார்கள் என்பது மாஸ்டருக்குத் தெரியாததல்ல. தானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் வேட்பாளருக்கு அது மறந்துவிடும். வீட்டுக்கு வந்து, "அந்தத் தெரு முழுக்க எனக்குத்தான்" என்று சபூராவிடம் சொல்வார். சபூரா கீரை ஆய்ந்துகொண்டே இருப்பார்.

யோகேஸ்வரன் வீட்டுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. யோகேஸ்வரனுக்கும் மனைவிக்கும் ஓட்டப் பழக்கியவர் மாஸ்டர்தான். அது நவம்பர் மாதம். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த நேரம். வேலைக்குப் போகாமல், முகம் மழிக்காமல், தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார் யோகேஸ்வரன். மாஸ்டர் வந்த வேகத்தில் நடைபாதை விளக்குகளைப் பற்றியும், பச்சைக் குப்பைத் தொட்டியை வாராவாரம் எடுக்கவேண்டியதைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். பாதியில்தான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ர அக்காவும் பிள்ளையளும் கிளிநொச்சியில இருந்து வெளிக்கிட்டு எங்க நிக்கினம் எண்டு தெரியேல்ல மாஸ்டர்" என்றார் யோகேஸ்வரன். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் குப்பைவாளியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறியள்."

மாஸ்டர் துண்டுப்பிரசுரத்தை நான்காக மடித்தார். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காரில் ஏறி, திறப்பைத் திருகாமலே இருந்தார். வீடு வாசலை விட்டுவிட்டு நடப்பது என்னவென்று அந்தத் தெருவில் வேறு யாரையும்விடத் தனக்குத் தெரியுமே, தானா போய் இப்படி வாயைத் திறந்தது என்று அவருக்குக் காது சுட்டது. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்ததும் அவர் பவளம் அன்ரி வீட்டுக்குப் போவது வழக்கம்.

பவளம் அன்ரிக்கு எண்பதை அண்டிய வயது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறார். மகன் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், ஈஸ்டருக்கு வருவார். கணவர் இறந்தபின், அறுபது கடந்த வயதில், "இனி ஆரையும் கெஞ்சேலாது" என்று கார் ஓட்டப் பழக வந்தவர். பரீட்சையில் திரும்பத் திரும்பச் சரிவராமல் போய், மாஸ்டரின் பெப்பர்மின்ட் ஏராளமாகச் சாப்பிட்டு, கடைசியில் பாஸ் பண்ணியவர். பிறகு கண்ணில் நோய் வந்தது. நேரே பார்த்தால் நடுவில் கறுப்பு. கடைக்கண்ணால் பார்த்தால் ஓரங்கள் கொஞ்சம் தெரியும். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் மாஸ்டர்தான் கூட்டிப்போனார். அன்று முதல் வாரம் ஒருநாள் வந்து, வந்து கிடக்கிற கடிதங்களை வாசித்துச் சொல்லுவார். காஸ் பில், ஆஸ்பத்திரிக் கடிதம், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் உடைத்து வாசிப்பது அவர்தான். மகனிடம் சொல்லாததையும் அன்ரி இவரிடம் சொல்லுவார்.

அன்று மேசையில் தேத்தண்ணியும் கடிதங்களும் இருந்தன. மேலே இருந்தது தேர்தல் தபாலுறை. இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வந்து, நிரப்பியபின் தபாலிலேயே திரும்பிப் போகும்.

"தம்பி, இதைப் போடாட்டி ஃபைன் அடிப்பாங்களாம். கண் தெரியாத எனக்கும் அடிப்பாங்களோ?"

"அடிக்கமாட்டாங்கள் அன்ரி. ஆனா போடுறது நல்லது."

"அப்ப நீங்களே நிரப்பிவிடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

ஒரு பெயருக்கு நேரே புள்ளடி போடுவதோடு இங்கே அலுவல் முடியாது. எல்லாப் பெயர்களுக்கு நேரேயும் விருப்பப்படி ஒன்று, இரண்டு என்று இலக்கமிட வேண்டும். முதலாம் இலக்கம் வாங்கியவர் பின்தங்கிக் கழிக்கப்பட்டால் அந்த வாக்கு இரண்டாம் இலக்கக்காரருக்குப் போகும். இதையெல்லாம் வேட்பாளர் கூட்டத்தில் விளக்கியிருந்தார்கள். வாக்காளரின் சீட்டை வேட்பாளர் தொடவே கூடாது என்றும் அந்தக் கூட்டத்தில் திருத்தமாகச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் அதைக் கேட்டுத் தலையாட்டியவர். "நான் தொடக்கூடாது அன்ரி, வேற ஆரையும் கேப்பம்" என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கை உறையைக் கிழித்துவிட்டது. வாராவாரம் கிழிக்கிற கை.

"தம்பி, ஒண்டு சொல்லுவன். குறை நினைக்கக்கூடாது" என்றார் அன்ரி.

"சொல்லுங்கோ அன்ரி."

"ஒண்டாம் நம்பரைத் தெஸ்பினாவுக்குப் போடுங்கோ. உங்களுக்கு ரெண்டு."

அன்ரியின் வாயில் தெஸ்பினா ஆனவர் டெஸ்பினா, அப்போது பதவியிலிருந்த உறுப்பினர். கிரேக்கப் பெண், உடுப்பு வெளுக்கிற கடை வைத்திருப்பவர். எதிரேயிருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார ஒரு வாங்கு இல்லாமல் கிழடுகள் கால்கடுக்க நின்றதைப் பார்த்துவிட்டு, சபையில் சண்டைபிடித்து ஒரு வாங்கு போடுவித்தவர்.

"அவ வந்து என்ர கையைப் பிடிச்சு அந்த வாங்கில இருத்திவிட்டவ. 'உங்களுக்குத்தான் என்ர வோட்டு' எண்டு அவவிட்ட அண்டைக்கே சொல்லிப்போட்டன். அப்ப நீங்கள் நிக்கிற கதையே இல்லை. இப்ப மாத்தினா வடிவில்லைத்தானே? உங்களிட்டச் சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா உங்களிட்ட எண்டபடியால்தான் சொல்லுறன்."

"அதுக்கென்ன அன்ரி" என்று மாஸ்டர் சிரித்தார். பேனாவை எடுத்தார்.

ஏழு பெயர்கள். நாலாவதாக அவருடைய பெயர். அச்சில், இந்த நாட்டு அரசாங்கத்துத் தாளில், தன் பெயரும் பக்கத்தில் ஒரு வெறும் பெட்டியும். காலையில் யோகேஸ்வரன் வீட்டில் பட்டது இன்னும் ஆறவில்லை. ஒரு வீட்டிலாவது, ஒரே ஒரு சீட்டிலாவது, தன் பெயருக்கு நேரே ஒன்று விழுவதைக் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று அவருக்கு வெறி மாதிரி ஒரு ஆசை எழுந்தது. அன்ரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, கடைக்கண்ணால் தேத்தண்ணிக் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தன் பெட்டிக்குள் ஒன்று என்று எழுதினார். டெஸ்பினாவுக்கு இரண்டு. மற்றப் பெட்டிகளை எப்படி நிரப்பினார் என்று இன்றைக்கும் அவருக்கு ஞாபகமில்லை.

"போட்டாச்சோ?"

"ஓம்."

"இஞ்ச தாங்கோ பாப்பம்" என்று அன்ரி கையை நீட்டினார். மாஸ்டர் சீட்டைக் கொடுத்தார். அன்ரி சீட்டை முகத்துக்குப் பக்கவாட்டாகப் பிடித்து, சரித்து, அசைத்துப் பார்த்தார். பிறகு தானே சிரித்தார். "எனக்கென்ன தெரியப்போகுது! நீங்கள் போட்டாச் சரி" என்று திருப்பிக் கொடுத்தார். உறையில் மாஸ்டர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

உறையைச் சிவப்புத் தபாற்பெட்டிக்குள் போட்டவரும் மாஸ்டர்தான். போட்டபிறகு பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை.

தேர்தல் முடிவு வந்தபோது மாஸ்டர் ஏழு பேரில் ஆறாவது. ஓம் சொன்ன வீடுகளில் பாதி போட்டிருந்தாலும் அப்படி வந்திருக்காது. "இந்தமுறை சரிவரேல்ல" என்று எல்லோருக்கும் சொன்னார். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், பின்தங்கியவர்களைக் கழித்து, அவர்களுடைய சீட்டுகளில் இரண்டாம் இலக்கம் யாருக்கென்று பார்த்துக் கூட்டினார்கள். அப்படித்தான் டெஸ்பினா வென்றார். அதைக் கேள்விப்பட்டதும் மாஸ்டர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். தான் கழிக்கப்பட்டதால் பவளம் அன்ரியின் வாக்கு கடைசியில் டெஸ்பினாவுக்குத்தான் போயிருக்கிறது. சுற்றிப் போனாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. யாருக்கு என்ன நட்டம்? இந்தக் கணக்கை அவர் தொழுகைக்கு நிற்கும்போதும் போட்டார். ஒவ்வொரு தடவையும் விடை சரியாக வந்தது. மனம் மட்டும் அடங்கவில்லை.

இத்தோடு போயிருந்தால் ஒரு மனிதர் மறைத்து வைத்து மறந்துவிடலாம். பவளம் அன்ரி மறக்கவிடவில்லை. கோயிலில், மருந்துக்கடையில், தொலைபேசியில், கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார்: "தான் நிக்கிற தேர்தலில, மற்ற ஆளுக்கு ஒண்டெண்டு தன்ர கையால எழுதித் தந்த மனுசன் உலகத்தில ஆரும் இருக்கினமோ?" கதை வீடு வீடாகப் போயிற்று. மாஸ்டரின் துண்டுப்பிரசுரம் போகாத வீடுகளுக்கும் போயிற்று.

டிசம்பரில் முதியோர் சங்கத்தின் ஆண்டிறுதி மதியச் சாப்பாடு. சிறப்பு விருந்தினர் டெஸ்பினா. மாஸ்டர் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் கதிரை தேடிக்கொண்டார். இரத்தினசிங்கம் வரவேற்றுப் பேசி முடித்ததும் பவளம் அன்ரி ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கி, அந்தக் கதையை முழுவதும் சொன்னார். வாங்கு, வாக்குச்சீட்டு, பேனா, "அதுக்கென்ன அன்ரி" எல்லாம் வந்தது. மண்டபம் கைதட்டியது. இரத்தினசிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. சட்டம் தெரிந்தவர். டெஸ்பினாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும்போது சீட்டையும் பேனாவையும் விழுங்கிவிட்டு, எதிர்த்து நின்றவரே மூதாட்டியை உங்களுக்கு வாக்களிக்க ஊக்கப்படுத்தினார் என்று முடித்துக்கொண்டார். டெஸ்பினா எழுந்து மண்டபத்தின் கடைசிவரை நடந்து வந்து மாஸ்டரின் கையைக் குலுக்கினார். டெஸ்பினாவின் கண் நனைந்திருந்தது.

யோகேஸ்வரனும் வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். "அண்டைக்கு நான் கொஞ்சம் சுடச்சுடக் கதைச்சுப்போட்டன். மனதில வைச்சிருக்காதையுங்கோ மாஸ்டர். உங்களைப்போல ஆக்கள்தான் வரவேணும். அடுத்தமுறை எங்கட வீட்டு வோட்டு உங்களுக்குத்தான்" என்றார். கதவைச் சாத்துவதற்காகச் சொன்ன ஓம் அல்ல இது. மாஸ்டருக்கு அது தெரிந்தது.

இரத்தினசிங்கம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் இருத்தினார். பக்கத்தில் பவளம் அன்ரி. "ஆர், தம்பியோ?" என்று தடவிப் பார்த்து, அவருடைய வலது கையை எடுத்து, "இந்தக் கைதான்" என்று சொல்லி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் மறுபடி கைதட்டினார்கள். வந்து இறங்கிய நாள் முதல் மாஸ்டர் ஆசைப்பட்ட கதிரை அது. அதில் இருந்த நேரம் முழுவதும் எழுந்து ஓடிவிடத்தான் அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்குக் கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பொதியைக் குசினி மேசையில் வைத்துவிட்டுச் சபூராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, இரண்டாம் இலக்கக் கணக்கையும் சொன்னார். "கடைசியில அவவுக்குத்தான் போனது" என்றார்.

"அப்ப அதையும் சேத்து அன்ரியிட்டச் சொல்லுங்கோ" என்றார் சபூரா.

"சொன்னா அவ என்னை என்னெண்டு நினைப்பா?"

"அதை அவ நினைக்கட்டும். வெள்ளிக்கிழமை போவியள்தானே?"

வெள்ளிக்கிழமை போனார். தேத்தண்ணி இருந்தது, பருத்தித்துறை வடை இருந்தது, அன்று காலை வந்த ஒரு கடிதமும் இருந்தது. கண் ஆஸ்பத்திரிக் கடிதம். உறையின் மூலையிலிருந்த அடையாளத்தைப் பார்த்தே மாஸ்டருக்குத் தெரிந்தது.

"நல்ல நேரம் வந்தியள்" என்றார் அன்ரி. "ஒப்பரேசனுக்குத் திகதி தந்திருக்கிறாங்களோ தெரியாது. காலமையில இருந்து மனம் ஒரு நிலையில இல்லை. ஒருக்கா உடைச்சு வாசியுங்கோ."

"வாசிக்கிறன் அன்ரி. அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும்."

சொன்னார். எத்தனையோ பேருக்குப் பிழையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மனிதருக்குத் தன் பிழையைச் சொல்ல வசனம் வரவில்லை. ஒன்று என்று தன் பெட்டிக்குள் எழுதியதைச் சொன்னார். இரண்டு யாருக்கு என்பதைச் சொன்னார். கழிப்பது, கூட்டுவது, கடைசியில் போய்ச் சேர்ந்தது என்று அந்தக் கணக்கையும் சொல்லத் தொடங்கி, பாதியில் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் நிறுத்திவிட்டார். "வெக்கமாக் கிடக்கு அன்ரி" என்றார்.

பவளம் அன்ரி முகத்தை அவர் பக்கம் நேரே திருப்பினார். நேரே திருப்பினால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"நான் ஒண்டெண்டு தெஸ்பினாவுக்கெல்லோ சொன்னனான்?"

"ஓம் அன்ரி."

"சிரிச்சுக்கொண்டெல்லோ எழுதினியள்?"

வெளியே பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றார் அன்ரி, தன்பாட்டில். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. வெட்கம் இப்போது அவருக்கும் வந்துவிட்டது. மாஸ்டர் அதைத் தன் கண்ணால் பார்த்தார், கொண்டுவந்து கொடுத்தது தான்தான் என்று தெரிந்து பார்த்தார். "மைக்கில வேற சொன்னனான். இனி என்னெண்டு மாத்துறது? நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ."

"அன்ரி..."

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

குடித்தார். வடையையும் தின்றார், மறுத்தால் இன்னும் கூடாது என்று நினைத்தார். அன்ரி மழையைப் பற்றி ஏதோ கேட்டார், சபூராவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். எல்லாம் வழக்கமான மரியாதையோடு கேட்டார். கோப்பை வெறுமையானதும் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"கடிதத்தை வாசிக்கட்டே அன்ரி?"

அன்ரியின் கை மேசைவிரிப்பின்மேல் தடவிக்கொண்டு வந்தது. சீனிப் போத்தலில் தட்டியது, விலகியது, உறையின் ஓரத்தைக் கண்டுபிடித்தது. மாஸ்டரின் விரல் படுவதற்கு முன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"இருக்கட்டும் தம்பி. மகன் வரேக்க பாப்பம்."

மகன் வர ஈஸ்டர் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அன்ரி கடிதத்தை மடியில் வைத்து, சேலைத் தலைப்பை அதன்மேல் இழுத்து மூடி, இரண்டு கைகளையும் விரித்து அதற்குமேல் வைத்துக்கொண்டார்.